சிவப்புக் கொக்கிகள்

அட்லேயின் கடையில் சிக்னே தூண்டில் கொக்கி பொறுக்கும்போது யாரும் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றாக எடுப்பாள். முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுப்பாள். நகத்தில் பிடிக்காமல் வழுக்கினால் அதைத் தூக்கி ஓரமாகப் போடுவாள். பிறகு வளைவை இரு கைகளாலும் பிடித்து விரிக்கப் பார்ப்பாள். கிங் சால்மன் மீன் சீசன் திறக்கும் வாரத்தில் அலாஸ்காவின் அந்தச் சின்னத் துறைமுகத்தில் கொக்கி வாங்காத படகே கிடையாது. ஆனால் அவளைப் போல ஒரு பெட்டிக்குப் பாதியைக் கழித்துக் கட்டுகிறவர் வேறு யாருமில்லை.

அன்றைக்கு அட்லே அவளைக் கவனிக்கவேயில்லை. கூட வந்திருந்த அவள் தம்பி ஹால்வரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீடியோ ஒண்ணு விடமாட்டேன் சார். போன வாரம் கொக்கி நிறத்தைப் பத்திச் சொன்னீங்களே, அடடா!"

சார்! சிக்னே ஒரு கொக்கியைத் தூக்கி ஓரமாக வீசினாள். கடலில் காலெடுத்து வைத்தாலே வாந்தி எடுக்கிறான் என்று அப்பா பதினாறு வயதில் கரையேற்றிவிட்ட பையன் இவன். இப்போது சியாட்டிலில் சூடான அறையில் உட்கார்ந்துகொண்டு, சால்மனுக்கு எந்தக் கொக்கி என்று ஊர் உலகத்துக்குப் பாடம் நடத்துகிறான். ஒவ்வொரு வீடியோவிலும் "எங்கப்பா படகுல எனக்குக் கத்துக்குடுத்தது" என்று ஒரு வரி. குளிர்காலம் முழுக்க அவள் அத்தனையையும் பார்த்திருந்தாள், திட்டுவதற்காகவே.

அவள் படகில் வேலைக்கு இருந்த ஆள் கால் உடைந்து படுத்துவிட்டான். இல்லையென்றால் இவனை ஏற்றியிருக்கவே மாட்டாள்.

ஹால்வர் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே சிவப்புப் பூச்சுக் கொக்கிகள் நகைக்கடைச் சாமான் மாதிரி மின்னின.

"கொக்கிக் கம்பெனிக்காரங்க குடுத்தது. படகுல ஒரு பக்கத்துல மட்டும் இதைப் போட்டுப் பாப்போம், சிக்னே."

"என்னடா இது, லிப்ஸ்டிக் போட்டிருக்கு? மீன் புடிக்கவா, கல்யாணம் பண்ணிக்கவா?"

"தொட்டாவது பாரேன்."

"ஒண்ணும் வேணாம். என் படகுல என் கொக்கிதான். முடியாதுன்னா இங்கயே நில்லு, சார்வாளுக்கு அட்லே காப்பி வாங்கித் தருவாரு."

அட்லே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீசன் திறந்த காலையில் துறைமுக முனைக்கு வெளியே கடல் மெதுவாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஹால்வர் பின்தளத்தில் நின்றான். முகம் வெளிறியிருந்தது, ஆனாலும் கேமராவைக் கம்பத்தில் கட்டியிருந்தான். இரண்டு பக்கமும் நீட்டியிருந்த கம்பங்களிலிருந்து பக்கத்துக்கு இரண்டாகக் கம்பிகள் ஆழத்துக்கு இறங்கின. ஒவ்வொன்றிலும் மீனை இழுக்கப் பளபளக்கும் தகடுகள் வரிசையாக, தகட்டுக்கு ஒரு கொக்கி.

மீன் கடித்தால் ஒலிக்கும் மணி வலப்பக்கக் கம்பத்தில் அடித்தது. கம்பமே வளைந்தது. சிக்னே விசையைப் போட்டுக் கம்பியைச் சுருட்டி, கொக்கியைக் கட்டிய நைலான் நரம்பைக் கையில் பிடித்தாள். நல்ல கனம். படகுக்குப் பின்னால் தண்ணீர் வெடித்து ஒரு பெரிய கிங் சால்மன் புரண்டது. கரிய முதுகும் வெள்ளி விலாவும் தெரிந்தன. கொக்கித்தடியை அவள் ஓங்கியபோது மீன் ஒரு தடவை தலையை உதறியது. நரம்பு தொய்ந்தது. அவ்வளவுதான்.

கையில் வந்த கொக்கி கோணி ஊசி மாதிரி நிமிர்ந்து கிடந்தது. அதன் நிறம் சிவப்பு.

மிச்சக் கம்பியை முழுக்கச் சுருட்டினாள். வலப்பக்கத் தகடு அத்தனையிலும் சிவப்பு. இன்னும் மூன்று நிமிர்ந்து போயிருந்தன. விடியற்காலையில் அவள் என்ஜின் அறையில் குனிந்திருந்த நேரத்தில் மாற்றியிருக்கிறான்.

"ஒரே ஒரு மீன் சிவப்புக் கொக்கியோட மேல வந்தா போதும்னு நெனச்சேன்," என்றான் ஹால்வர். "ஒரு ஷாட். அவ்வளவுதான் கேட்டாங்க."

"பாத்தியா? வெண்ணெய்க் கம்பி. உனக்கு இரும்புன்னா என்னன்னே தெரியலை. தெரியாத ஆளு ஊருக்கே சொல்லிக் குடுக்குற."

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பெட்டி வந்த அன்னிக்கே வளைச்சுப் பாத்தேன். நீ பண்ற மாதிரியேதான். ரெண்டு விரல்ல விரிஞ்சுது." குரல் தணிந்தது. "காசு நல்லா குடுக்குறாங்க, சிக்னே. உனக்குப் படகு இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

சிக்னே அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக அவனை ஒன்றும் தெரியாதவன் என்றே எண்ணி இகழ்ந்திருந்தாள். அந்த இகழ்ச்சியில் கொஞ்சம் செல்லமும் இருந்தது என்பது அது போன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. தெரியாமல் உளறுகிறவனைக் கேலி செய்யலாம், சோறு போடலாம், படகிலும் ஏற்றிக்கொள்ளலாம். தெரிந்தே முகத்தை இனிப்பாக வைத்துக்கொண்டு, பிழைப்புக்குக் கடலில் இறங்குகிறவன் கையில் மெழுகுக் கம்பியைத் திணிக்கிறவனை என்ன செய்வது?

"அப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான் ஹால்வர்.

"அப்பா பேரை எடுத்தே, தண்ணியில தள்ளிடுவேன்."

படகைத் திருப்பினாள். பக்கத்தில் மீன் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் ஒரு சின்னத் துறை இருந்தது. தபால் விமானம் அங்கே வரும்; அதில் அவன் ஊர் போய்ச் சேரலாம். போகிற வழியெல்லாம் மற்ற படகுகளின் கம்பங்கள் குலுங்கிக்கொண்டிருந்தன, மணிகள் அடித்துக்கொண்டிருந்தன. சீசனின் முதல் நாளில் மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிற ஒரே படகு அவளுடையது. ரேடியோவில் யாரோ கேட்டார்கள்: "என்னம்மா, எதையாவது மறந்துட்டியா?"

"குப்பை எறக்கப் போறேன்," என்றாள்.

துறையில் அவன் பையையும் கேமராவையும் பலகைமேல் வைத்தாள். சிவப்புப் பெட்டியை மட்டும் அவன் கையிலேயே கொடுத்தாள்.

"கேக்குறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?"

"உனக்கா சொல்லத் தெரியாது?"

தனியாகத் திரும்பி வந்து, தன் கொக்கிகளையே மாட்டி, மூன்று கம்பிகளை மட்டும் இறக்கினாள். நாலாவதைக் கவனிக்க ஆளில்லை. இரண்டு பேர் பார்க்கிற வேலையை ஒருத்தியே பார்த்ததில் தோள் இற்றுப்போனது. கொக்கித்தடிக்குக் கிட்டே வந்து நழுவிய மீன்களும் உண்டு. ஆனால் ஒரு கொக்கியும் நிமிரவில்லை. ஐஸ் அறை முக்கால்வாசி நிறைந்தது.

ஊர் திரும்பியதும் அட்லேயின் கடைக்குப் போனாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அதே கம்பெனியின் சிவப்புக் கொக்கிகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து, அட்லே பார்க்க, இரண்டு விரலால் நிமிர்த்தி மேசைமேல் வைத்தாள்.

அட்லே அதைப் புரட்டிப் பார்த்தார். அந்த அடுக்கைக் குளத்துச் சின்ன மீன்களுக்கான சாமான்கள் இருக்கும் கீழ்த்தட்டுக்கு இறக்கினார். பிறகு தயங்கியபடி போனை நீட்டினார்.

"தம்பி வீடியோ போட்டிருக்காரு. பாத்தீங்களா?"

அழகான கடல், அழகான படகு. ஹால்வர் வருத்தமான முகத்தோடு பேசினான்: அக்காவின் பழைய என்ஜின் நடுக்கடலில் நின்றுவிட்டதாம், அதனால் கொக்கியைச் சோதிக்க முடியாமல் போயிற்றாம்.

"என்ஜினா?" சிக்னேயின் குரலில் கடையே திரும்பிப் பார்த்தது. "போன மாசம்தான்டா மொத்தத்தையும் கழட்டிப் பூட்டினேன், புழுகுமூட்டை!"