சுனில்தா வீட்டு வாசல் நாற்காலி

ரொட்டி வாங்கக் கீழே போன நிபால்தோ திரும்பி வர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்த நாளில் எதுவினாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். வல்பராய்சோ நகரத்து மேட்டுப் படிக்கட்டில் பாதி வழியில், விதவை சுனில்தாவின் வீட்டு வாசலில், நாற்காலி போட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன். பேரன் பேத்தி எடுத்த வயதில் இந்தக் கூத்து!

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பாள். எதுவினாவுக்குக் கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும். அதனால் வினிகர் தீர்ந்துவிட்டது என்றாள், தீப்பெட்டி இல்லை என்றாள், வெங்காயம் அழுகிவிட்டது என்றாள். மனுஷர் மறுபேச்சில்லாமல் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது முகமெல்லாம் வேர்த்திருக்கும். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். செய்கிற வேலைக்கு வாயில் பேச்சா வரும் என்று கறுவிக்கொண்டே, தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் ணங்கென்று வைப்பாள்.

ஒரு சனிக்கிழமை, எண்ணெய் வாங்க அனுப்பிவிட்டு, சற்றுப் பொறுத்துத் தானும் இறங்கினாள். நினைத்தபடியே நாற்காலியில் அவர். செய்தித்தாளை மடித்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள் சுனில்தா.

"ஆகா! விசிறி வேற வீசுறியா? அடுத்தவ புருஷன்னா அவ்ளோ இனிக்குதாடி?"

சுனில்தா விசிறுவதை நிறுத்தவில்லை. "கத்தாதக்கா. காதல் பண்ணவும் மூச்சு வேணும். ஒம் புருஷனுக்கு எங்கிட்ட சௌக்கியமான்னு கேக்கக்கூட மூச்சில்ல. நீ என்னடான்னா ஓயாம கீழ அனுப்புற. கொல்லப் பாக்குறியா?"

அப்போதுதான் எதுவினா அவரைச் சரியாகப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, தோளைத் தூக்கித் தூக்கிக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்யா கெழவா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

மூச்சு கொஞ்சம் திரும்பியதும் சொன்னார்: "நீ சந்தேகப்படுறது... தெரிஞ்சுது. அதுக்குத் திட்டுவ, அவ்ளோதான். இது தெரிஞ்சா... அழுவியே."

பாவி மனுஷா என்று அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சுனில்தா பார்க்கப் பார்க்க அழுதாள்.

மருத்துவமனையில் இளம் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள்: "ஏற்கெனவே இதயம் பலவீனமா இருக்கும்மா. இப்ப மூச்சை இழுக்கிற தசையும் களைச்சுப் போச்சு. அது திணறத் திணற இதயத்துக்குத்தான் பாரம்." மாத்திரை எழுதினாள். காற்று லேசில் வராத ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து, தினமும் இதில் மூச்சை இழுத்துப் பழகினால் அந்தத் தசைக்குத் தெம்பு வரும் என்றாள்.

"பழையபடி ஆயிடுவாரா?"

"இப்ப இருக்கறதவிட நல்லா ஆகலாம். பழையபடின்னு சொல்ல மாட்டேன்மா."

வீட்டில் நிபால்தோ அந்தக் குழாயை வாயில் வைத்துக் கஷ்டப்பட்டு இழுத்தார். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எதுவினா திடீரென்று சொன்னாள்: "நெசமாவே நீ அவகிட்டப் போயிருந்திருக்கலாம்யா."

அவர் குழாயை எடுத்தார். "என்னடி சொல்ற கெழவி?"

"அவளா இருந்தா, அவ மயிரப் புடிச்சு உலுக்கி ஒன்ன இழுத்துட்டு வந்திருப்பேன். இப்ப நான் யாரு மயிரப் புடிக்கிறது?"

நிபால்தோ குழாயை மறுபடி வாயில் வைத்து, அவளைப் பார்த்தபடியே, முன்னைவிடப் பலமாக இழுத்தார்.