குழாயின் சாய்வு

2024 மே பன்னிரண்டாம் தேதி, யாங்கூன் நகரின் தாகேதா பகுதியில், ஜெசியின் இஸ்திரிப் பட்டறையில் இருந்த நீராவிக் கொதிகலன் ஐந்து செங்கல் உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்டது.

ஏற்றியவர் அவள் கணவர் பிரான்சிஸ். மழைக்கு முன்னால் அந்தத் தெருவில் கட்டிலும் குளிர்பெட்டியும் அரிசிப் பானையும் செங்கல் மேல் ஏறிவிடுவது வழக்கம்தான். போன வருஷம் வெள்ளம் கொதிகலனின் உமி அடுப்புக்குள் புகுந்து அதைக் கெடுத்திருந்தது. இந்தத் தடவை அவர் முந்திக்கொண்டார். கொதிகலனோடு சேர்த்து, இஸ்திரிப் பெட்டிகளுக்குப் போகும் நீராவிக் குழாயின் அந்த முனையையும் தூக்கிக் கட்டினார்.

மறுநாளே, மேஜையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த வேலம்மா கத்தினாள். "ஜெசிம்மா, இந்தப் பெட்டி எச்சில் துப்புது பாரு!"

வெள்ளைப் பள்ளிச் சட்டையின் மார்பில் பழுப்பாக ஒரு சொட்டு. அடுத்த மேஜையிலும் அப்படியே.

பள்ளி திறக்கும் நேரம். ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலை அந்தச் சட்டைகளை மூட்டை மூட்டையாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஆலையின் மேற்பார்வையாளர் கோ தூரா கறைபட்ட சட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து, பர்மிய மொழியில் அமைதியாகவே சொன்னார்.

"மா ஜெசி, நாளைக்கும் இப்படி வந்தா தன்லியின்ல வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். என் வேலையும் போயிடும்."

அது போனால் பட்டறையில் நிற்கும் மூன்று பெண்களுக்கும் வேலையில்லை.

"குழாய்க்குள்ள ஏதோ நாட் தேவதை குடியிருக்கு" என்றாள் வேலம்மா. "தேங்காய் ஒண்ணு கட்டித் தொங்க விடு, போயிடும்."

"மாதா கோயில்லேர்ந்து தீர்த்தம் கொண்டாந்து தெளிக்கட்டுமா?" என்றார் பிரான்சிஸ்.

"தண்ணியாலதான் இந்தப் பாடு. இதுல தீர்த்தம் வேறயா?" என்றாள் ஜெசி.

குழாய்க்குள் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. முன்பு எப்போதாவது கொதிகலன் பக்கம் கேட்கும் சத்தம், இப்போது மேஜைப் பக்கத்திலிருந்து வந்தது. ஜெசி வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, குழாயை முழு நீளத்துக்கும் பார்த்தாள். அதன் பின்னால் சுவரில் எப்போதோ வந்த பெரிய வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு. தண்ணீர் போட்ட கோடு என்பதால் கொஞ்சமும் கோணல் இல்லை. கொதிகலன் பக்கம் குழாய் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. மேஜைப் பக்கம் கோட்டைத் தொட்டது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. சாய்வை நீங்களே மாத்திட்டீங்க."

குழாயில் போகும் நீராவி வழியில் கொஞ்சம் ஆறித் தண்ணீராகும். இத்தனை நாளும் அந்தத் தண்ணீர் சாய்வில் இறங்கிக் கொதிகலனுக்கே திரும்பிப் போயிற்று. இப்போது துருவையும் அள்ளிக்கொண்டு இஸ்திரிப் பெட்டிக்கு வந்தது.

பிரான்சிஸின் முகம் வாடிவிட்டது. "செங்கல்லை எடுத்துடறேன்."

"எடுத்தா வெள்ளத்துல அடுப்பு போயிடும். மேஜைப் பக்கம் தூக்கலாம்னா ஜன்னல் கட்டை இடிக்குது. தண்ணி இங்கதான் வரும்னா வரட்டும். பெட்டிக்குப் போறதுக்கு முன்னாடி வெளிய விட்டுடுவோம்."

அடுத்த சந்தில் இருக்கும் குழாய் ஃபிட்டர் கமாலைக் கூப்பிட்டார்கள். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அப்ப கொதிகலனுக்கு மூத்திரக் குழாய் வைக்கணும்ங்கறீங்க."

"வாய மூடிட்டு வை" என்றாள் ஜெசி.

அடுப்பை ஆறவிட்டு, குழாய் கடைசியாகத் தாழும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு துண்டுக் குழாயும் திருகுக் குழாயும் மாட்டினான். மறுநாள் காலை நீராவி ஏறியதும் ஜெசி வாளியை அடியில் வைத்துத் திறந்தாள். முதலில் டீ நிறத்தில் கொட்டியது. பிறகு தெளிந்தது. கடைசியில் வெறும் ஆவி மட்டும் சீறியது. மூடிவிட்டு, வேலம்மாவுக்குக் கையைக் காட்டினாள்.

வேலம்மா முதல் சட்டையைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நாட் வாளிக்குள்ள எறங்கிடுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மூட்டைக்கு முன்னாலும் திருகுக் குழாயைத் திறந்தார்கள். சாயங்காலம் கோ தூரா வந்து சட்டைகளை விரித்துப் பார்த்தார். ஒன்றையும் ஒதுக்கவில்லை. மறுநாளைக்கான மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார்.