பின்னுக்கு இழுத்த நாற்பது நொடி

அத்தான் சிவப்பு சிக்னலிலேயே ரயிலை எடுத்துவிட்டாராம். கணினியே சொல்கிறதாம். விசாரணை அறையில் இதைக் கேட்டதும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரயில் கட்டுப்பாட்டு அறையின் கணினிக் கடிகாரங்களையெல்லாம் நெட்வொர்க் வழியே ஒரே நேரம் காட்டவைப்பது அவன் வேலை. அத்தான், அவனுடைய அக்கா வீட்டுக்காரர், ரயில் ஓட்டுநர். இன்று குற்றம் உறுதியானால் அவர் வேலையை இழந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சம்பவத்தன்று சிக்னல் கணினியின் கடிகாரம் நாற்பது நொடி முந்தி ஓடியது. அதைச் சற்று மெதுவாக ஓடவிட்டு மற்றவற்றோடு சேரவைக்க வேண்டும். அரை நாள் பிடிக்கும். வண்டிகள் ஓடும்போது பின்னுக்கு மட்டும் இழுக்காதீர்கள் என்று அவன் தலைபாடாக அடித்துக்கொண்டான். மேலாளருக்கு அலுவலகம் வைத்த பெயரே ‘அவசரம்’. பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று அவனை நகரச் சொல்லி, தானே ஒரே தட்டில் நாற்பது நொடியையும் பின்னுக்கு இழுத்துவிட்டார்.

இழுப்பதற்குச் சற்று முன் சிக்னல் பச்சையானது. இழுத்த கையோடு அத்தான் வண்டியை எடுத்தார். பதிவிலோ வண்டி முதலில் கிளம்பியது, பச்சை பிறகு வந்தது.

இப்போது மேலாளர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கடிகாரங்கள் இம்மி பிசகாமல் ஓடுகின்றன, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அவன் எழுந்தான். அத்தானிடம் ஏதாவது கேளுங்கள் என்று விசாரணை அதிகாரியிடம் சொன்னான். சிக்னல் என்ன நிறம் என்று அவர் கேட்டார். பதிவெழுதும் பெண் அதைத் தட்டி முடித்ததும், அவளுடைய கணினிக் கடிகாரத்தை இரண்டு நிமிடம் பின்னுக்கு இழுத்தான். பச்சை என்றார் அத்தான். அவள் அதையும் தட்டினாள். நேர வரிசைப்படி பதில் மேலே ஏறியது, கேள்வி கீழே போனது.

“நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டார், பாருங்க. இதுக்கும் ஒரு சஸ்பெண்ட் போட்டுடுங்க.”

அதிகாரி திரையைப் பார்த்தார். பிறகு, அன்றைக்கு இழுத்தது யார் என்று கேட்டார். மேலாளர் வாயிலிருந்தே வரட்டும் என்று அவன் நின்றான்.

“நான்தான் சார்,” என்றார் மேலாளர். “கொஞ்சம் அவசரம்.”

அத்தானை நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார் அதிகாரி. அத்தான் எழுந்து அவரைக் கும்பிட்டார். அப்படியே மேலாளர் பக்கம் திரும்பி அவரையும் கும்பிட்டார்.

அடங்கியிருந்த கோபம் அவனுக்கு மறுபடி தலைக்கேறியது. அத்தானின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

“அவருக்கு எதுக்கு அத்தான் கும்பிடு?”