ஓநாயின் அலறல்

எங்கள் கார்ட்டூன் ஸ்டூடியோவில் காலையில் காபி குடித்ததும் ஓநாயை எப்படி அடிப்பது என்று யோசிக்க ஆரம்பிப்போம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவன் தலையில் பட்டறைக்கல் விழுந்திருக்கும், வாய்க்குள் வெடிமருந்து வெடித்திருக்கும், ரயில் ஒன்று அவன்மேல் ஏறி, மறந்துபோன எதையோ எடுக்கப் பின்னோக்கி வந்து மறுபடி ஏறியிருக்கும். அடுத்த காட்சியில் எழுந்து உடம்பைத் தட்டிவிட்டுக்கொள்வான். இந்த அடிகளை எழுதுவதுதான் என் வேலை. என் அப்பா நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெருவில் தள்ளுவண்டியில் கால்சட்டை விற்றவர். "அவரு கிழியாத சரக்கு வித்தாரு, நீ கிழிச்சு விக்கிறே. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள் அம்மா.

நாங்கள் எடுத்த படங்களிலேயே பெரிதாக ஓடியது, ஓநாய் ஒரு வாத்தைத் துரத்தும் ஏழு நிமிடப் படம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு எடுத்தது. வாத்து ஒரு பெரிய பியானோவுக்குள் ஒளிந்துகொள்ளும். ஓநாய் உள்ளே கையை விடுவான். மூடி விழும். அப்போது அவன் ஓர் அலறல் அலறுவான் பாருங்கள், நாடு முழுக்கத் தியேட்டர்களில் ஜனங்கள் நாற்காலியிலிருந்து நழுவி விழுந்தார்கள்.

அந்த அலறல் கிளைட் ஹேவர்ட்டியுடையது. ஓநாயை வரைந்தவன் அவன். எங்கள் ஓவியர்கள் ஓர் அடியை வரைவதற்கு முன் தாங்களே நடித்துப் பார்ப்பார்கள். வழுக்கி விழும் காட்சி என்றால் நிஜமாகவே வழுக்கி விழுவார்கள். கிளைடும் அப்படித்தான் ஒலிப்பதிவு அறைக்கு வந்து, ஓநாயின் கை எப்படி வளையும் என்று பார்க்கப் பியானோவுக்குள் வலது கையை விட்டிருந்தான். அந்தப் பக்கம் இசைப்பதிவு நடந்துகொண்டிருந்தது. மூடிக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டை வழுக்கிவிட்டது.

பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது டைரக்டர் "கட்" சொல்லும்வரை எவனும் மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது. அதுதான் எங்கள் சட்டம். டைரக்டர் வெண்டல் ஸ்ட்ரேக், அலறலின் எதிரொலி சுவரில் தேய்ந்து முடியும்வரை பொறுமையாக நின்று, பிறகுதான் "கட்" என்றான். அதுவரை மூடி கிளைடின் கைமேல்தான் இருந்தது. எலும்புகள் ஏதேதோ கோணத்தில் சேர்ந்தன. உணர்ச்சி திரும்பவில்லை. கிளைட் இடது கையால் வரையப் பழகிக்கொண்டான். வலது கை கோட்டுப் பைக்குள் போய்ச் சேர்ந்தது.

போர் முடிந்ததும் அந்தப் படத்தைப் புது வண்ணத்தில், புது இசையோடு மறுபடி எடுக்கச் சொன்னார்கள். பழைய ஒலிப்பதிவில் அலறலும் வாத்திய இசையும் ஒன்றாகக் கலந்திருந்தன. அலறலைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஆகவே புதிதாக ஓர் அலறல் வேண்டும்.

ஹாலிவுட்டில் அலறத் தெரிந்த எல்லோரும் வந்தார்கள். வானொலி நாடகக்காரன் வந்தான். இத்தாலியப் பாட்டுக்காரர் ஒருவர் வந்து ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தினார். எதுவும் தேறவில்லை. துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தவுடனே போலி என்று கண்டுகொள்ளும் கிழவிகளை நான் சின்ன வயதிலேயே பார்த்தவன். சிரிக்க வந்த கூட்டமும் அந்த ஜாதிதான்.

கடைசியில் கிளைடையே கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்று, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஒரு சத்தம் போட்டான்.

"என்னப்பா இது? யாராவது கால மிதிச்சிட்டாங்களா?" என்றான் வெண்டல்.

"எனக்குக் கத்த வராது வெண்டல். அன்னிக்கு நான் கத்தல. கை கத்துச்சு."

வெண்டல் தாடையைச் சொறிந்தான். எனக்கு அந்தச் சொறிதல் தெரியும். அப்பாவின் வண்டியில் வாங்க வந்தவன், பேரம் படியாமல் போகிற மாதிரி நடித்துவிட்டுத் திரும்புவதற்கு முன்னால் அப்படித்தான் சொறிவான்.

"சரி, ஒண்ணு செய்வோம். அதே பியானோ, அதே இடம். உள்ள கைய விட்டுட்டு நில்லு. உடம்புக்கு ஞாபகம் வரும். தானா வந்துரும்."

"வலது கைய விடுறேன்."

"அது செத்த கைடா! அதுல என்ன ஞாபகம் வரும்? இடது கைய விடு."

"இதுதான்யா எனக்குச் சோறு போடுது."

"யாரு இல்லன்னாங்க? மூடிய நானே முட்டுக்கொடுத்து வச்சிருக்கேன், யானை ஏறுனாலும் விழாது. இத பாரு கிளைட், இந்த வாரத்துக்குள்ள அலறல் வரலன்னா ஓநாயத் தூக்கி வேற ஆளுங்ககிட்ட குடுத்துருவாங்க. அவனுங்க அவனுக்கு முயல் காது வரைவானுங்க. பரவாயில்லையா?"

கிளைட் என்னைப் பார்த்தான். "சோல், நீ என்ன சொல்றே?"

"இவ்வளவு உத்தரவாதம் குடுக்கிற கடையில எங்கப்பா எதுவுமே வாங்க மாட்டாரு" என்றேன்.

"நீ வாய மூடு. விளக்கப் போடுங்க!" என்றான் வெண்டல்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் ஆர்வில் காதில் கருவியை மாட்டிக்கொண்டார். அடுத்த பதிவுக்காகக் காத்திருந்த வாத்தியக்காரர்கள் வில்லும் ஊதுகுழலுமாகச் சிலையானார்கள். வெண்டல் பியானோவுக்குப் பக்கத்தில் தொங்கிய திரைக்குப் பின்னால் போய் நின்றான். கிளைட் இடது கையை மெதுவாக உள்ளே விட்டான்.

பிறகு கிளைட் கீழே பார்த்தான். முட்டுக்கட்டையின் அடியிலிருந்து ஒரு சணல் கயிறு கிளம்பி, பியானோவின் காலைச் சுற்றி, தரைவிரிப்பின் ஓரமாக ஊர்ந்து, திரைக்கு அடியில் மறைந்தது.

உலகத்தில் வேறு யார் காலடியில் அந்தக் கயிற்றைப் போட்டிருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. வெண்டல் அதைப் போட்டது, வாழ்நாளில் பாதியை அதே கயிற்றை வரைந்து கழித்தவனின் காலடியில். எங்கள் படங்களில் கயிறு இருந்தால் மறுமுனையில் ஒரு கை இருக்கும். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் பல்லை இளித்துக்கொண்டிருப்பான். வேறு விதமாகப் பொறி வைக்க வெண்டலுக்குத் தெரியாது.

கிளைட் கையை வெளியே இழுத்தான். கட்டை பிடுங்கிக்கொண்டது. மூடி அவன் சட்டைக் கையின் பொத்தானை மட்டும் கடித்துக்கொண்டு இடியாக விழுந்தது.

அவன் அலறவில்லை. திரையோடு சேர்த்து வெண்டலை ஒரு குத்து விட்டான், வலது கையால். உணர்ச்சியில்லாத கை சண்டைக்கு நல்ல கை, அடிக்கிறவனுக்கு வலிக்காது. இரண்டாவது குத்தில் வெண்டலின் மூக்கு உடைந்தது. திரை கிழிந்து இருவர்மேலும் விழ, உள்ளுக்குள் ஒரு கோணிப்பைச் சண்டை நடந்தது. வெளியே வந்தபோது வெண்டல் இடிச் சத்தத்துக்காகத் தொங்கவிட்டிருந்த தகரத்தைப் பிடுங்கிக் கிளைடின் தலையில் போட்டான். இடி இடித்தது. கிளைட் தாளத் தட்டால் அவன் காதில் திருப்பிக் கொடுத்தான்.

யாரும் நகரவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்ததே! அவர்கள் உருண்டு வந்தபோது வயலின்காரர் சத்தமில்லாமல் காலைத் தூக்கி வழிவிட்டார். ஆர்வில் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ ஒரு குமிழை நுணுக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அறையில் "கட்" சொல்லக்கூடிய ஒரே மனிதன் வெண்டல்தான். அவன் "க" என்று வாயைத் திறந்தபோதெல்லாம், டிரம்பெட் சத்தத்தை அடக்க வைத்திருந்த ரப்பர் குப்பியை எடுத்துக் கிளைட் அவன் வாயில் அழுத்தினான்.

எங்கள் படங்களில் பல் உடைந்தால் பியானோக் கட்டை மாதிரி வரிசையாகக் கொட்டும். வெண்டலின் பல் ஒன்றுதான் விழுந்தது, அதன் வேரோடு, கொஞ்சம் சதையோடு. தரைவிரிப்பில் ரத்தம் பழுப்பாகப் பரவியது. நான் வருஷக்கணக்கில் எழுதிய அடிகளில் எதிலும் அந்த நிறம் இல்லை. எழுந்து ஓட வேண்டும் என்று என் கால்களுக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளைட் அவனைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பியானோவுக்கு இழுத்துவந்தான். தோளால் மூடியை உயர்த்தினான். வெண்டலின் வலது கையை விளிம்பில் வைத்து முழங்கையால் அழுத்தினான். குப்பி எங்கோ உருண்டுவிட்டது. இப்போது வெண்டலால் "கட்" சொல்லியிருக்க முடியும். அவன் சொன்னது வேறு.

"கிளைட், வேணாம்டா, அது என் கை."

"தெரியும்" என்று கிளைட் தோளை நகர்த்தினான்.

அந்த அலறல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் ஒருமுறை உடைந்து, உச்சியில் சேவல் மாதிரி கிறீச்சிட்டது. எதிரொலி சுவரில் தேய்ந்தது. தரையில் முழங்காலிட்டு, மூடிக்கு அடியிலிருந்து கையை உருவி மார்போடு அணைத்துக்கொண்டு, அது முழுதாகத் தேய்ந்து முடியும்வரை வெண்டல் காத்திருந்தான். பிறகு உடைந்த வாயால் சொன்னான்:

"கட்."

நான்தான் அவனைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சன்செட் சாலைத் திருப்பத்தில் கேட்டான்: "எப்படி இருந்துச்சு?"

"முதல் தரச் சரக்கு. பேரமே கிடையாது."

"நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு மயங்கிப்போனான்.

போலீசுக்கு அவன் போகவில்லை. போனால் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். மாடியில் படங்களுக்கு மை தீட்டும் பெண்களுக்கு ஆர்வில் அந்த அலறலைப் போட்டுக் காட்டினார். ஒருத்தி சிரித்துச் சிரித்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "யாருங்க இந்தப் புது ஆளு? அவரையே வச்சுக்கோங்க" என்றாள் இன்னொருத்தி.

வெண்டலின் அலறல் பழையதைவிட நீளம். ஓநாயின் வாய்க்கு ஏற்கெனவே வரைந்திருந்த படங்கள் போதவில்லை. கிளைட் விளக்குப் பலகைமேல் தாளைப் போட்டு, காதில் கருவியோடு அதை மறுபடி மறுபடி கேட்டு, ஒவ்வொரு வாயாக இடது கையால் வரைந்துகொண்டிருந்தான். அவனை வேலையை விட்டுத் தூக்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. படம் முடிய வேண்டுமே.

ஒருநாள் வெண்டல் கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு அவன் மேஜைக்கு வந்து நின்றான். டைரக்டரானாலும் அவனும் ஓவியன்தான். காட்சிகளின் முதல் கோடுகளை அவனே போடுவான். கிளைட் காதிலிருந்ததைக் கழற்றும்வரை நின்றான்.

"கேக்கணும்னு நினைச்சேன். அந்த வலது கையில மறுபடி பென்சில் பிடிக்க உனக்கு எத்தனை நாள் ஆச்சு?"

கிளைட் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் ஆகல" என்றான்.