மூலையில் நின்றவள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஜெபகுமார்தான் அந்தப் படத்தைப் போட்டான். காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு வாரத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் சொந்தம்.

"உனக்குப் புடிச்ச படம்னு சொல்லுவியே, ஓடிடில வந்திருக்கு பாரு," என்றான்.

அவன் மனைவி சத்யபிரியா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆங்கிலக் குத்துச்சண்டைப் படம். அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, பாகம் பாகமாக வந்து, இனி ஒன்றுமில்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, புதுப் பையன் ஒருவனை வைத்து மறுபடி உயிர்ப்பித்த வரிசை. பழைய படங்களின் கதாநாயகன் இதில் கிழவன். சண்டை வளையத்துக்கு வெளியே, பையனுடைய மூலையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறவன்.

முதல் தடவை அதைத் தாம்பரத்தில் ஹேமாவதியோடு பார்த்தாள். இருவரும் ஒரே பயிற்சிக்கூடத்தில் குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள். இடைவேளையில் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒருவரையொருவர் குத்துவதுபோல் பாவனை செய்து, வரிசையில் நின்றவர்களிடம் திட்டு வாங்கினார்கள்.

அடுத்த வருடம் சத்யபிரியா மாநில இறுதிப் போட்டிக்கு வந்தாள். பயிற்சியாளர் வேறொரு பெண்ணின் ஆட்டத்துக்குப் போயிருந்ததால் அவளுடைய மூலையில் ஹேமாவதிதான் நின்றாள். மூன்றாவது சுற்று தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஹேமாவதி துண்டை எடுத்து வளையத்துக்குள் வீசிவிட்டாள். மூலையில் இருப்பவர் துண்டை வீசினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, தோல்விதான். சத்யபிரியா விழவில்லை, மண்டியிடவில்லை, இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வரும் பேருந்தில், "செலக்‌ஷன்ல என்கிட்ட தோத்தல்ல? அந்தப் பொறாமைல பண்ணிட்டடீ," என்றாள். ஹேமாவதி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனாள். அதோடு பேச்சு நின்றது. சத்யபிரியாவும் அதற்குப் பிறகு கையுறை மாட்டவில்லை. இப்போது கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை.

படம் ஓடியது. அவளால் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் காலியான குடத்தை நிரப்பினாள். திரும்பி வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து கொடியில் காயாத துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"செத்த உக்காரேன். உனக்காகத்தான போட்டேன்," என்றான் ஜெபகுமார்.

கடைசிச் சண்டைக்கு உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அவள் பார்த்தது அந்தப் பையனைத்தான். அவன் கால் வைக்கும் விதம், தோளைச் சாய்க்கும் விதம். இந்தத் தடவை கண் தானாக மூலைக்குப் போயிற்று. கிழவன் சண்டையைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த துண்டை மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான்.

"கொஞ்சம் பின்னால போங்க."

ஜெபகுமார் பின்னால் ஓட்டினான். அவள் திரும்பவும் பின்னால் போகச் சொன்னாள்.

"என்ன தேடுற?"

"அந்த ஆளோட மூஞ்சி."

ஹேமாவதியின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. எதிராளி முகமும் வரவில்லை. மூன்றாவது சுற்று என்று ஒன்று அவள் நினைவில் இல்லவே இல்லை. மணிச் சத்தம் கூட இல்லை. மூன்றாவது சுற்றில் ஜெயித்துக்கொண்டிருந்தேன் என்று ஜெபகுமாரிடம், அம்மாவிடம், பள்ளிப் பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். அதை அவளுக்கு யார் சொன்னது?

"வண்டி சாவி எங்க?" என்று எழுந்தாள்.

"படம் முடியலயேம்மா!"

"நீங்க பாருங்க. வந்துடறேன்."

மேடவாக்கத்தில் நெரிசல். சிக்னலில் காரணமில்லாமல் ஹாரன் அடித்தாள்; முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பி முறைத்தார். இராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தடவை வண்டியைத் திருப்பிவிடலாமா என்று ஓரம் கட்டினாள். பிறகு மாடம்பாக்கம் பக்கமே விட்டாள். ஹேமாவதி அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

மாடியில் வெயில் சாய்ந்திருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் பாட்டுக்குக் காற்றில் குத்திக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற ஹேமாவதி கொஞ்சம் பருத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினாள்.

"தண்ணி குடிங்க எல்லாரும்," என்று சொல்லிவிட்டு நீர்த்தொட்டிப் பக்கம் வந்தாள். "இன்னா?"

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஃபைனல்ல... எனக்கு மூணாவது ரவுண்ட் ஞாபகமே இல்ல ஹேமா."

ஹேமாவதி பெண்கள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டாவது ரவுண்ட் முடிஞ்சி வந்து ஸ்டூல்ல குந்துன. காதாண்ட ஒரு அடி வாங்கிகினு வந்த. தண்ணி குடுத்தேன். 'எந்த ஸ்டேஷன் இது'ன்னு கேட்ட."

"ஸ்டேஷனா?"

"டிரெயின்ல போயிகினு கீறோம்னு நெனச்சுட்ட போல. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரில, குரோம்பேட்டைன்னேன். 'தாம்பரம் வந்தா எழுப்பு'ன்னு கண்ண மூடிக்கின. மணி அடிச்சதும் எழுந்து போய்ட்ட."

சத்யபிரியா தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ஏன்டீ என்னைப் போக விட்ட?"

"அதான்." ஹேமாவதி தரையைப் பார்த்துச் சொன்னாள். "அப்பவே நிறுத்தியிருக்கணும். நம்ம கூடத்துக்கு ஒரு தங்கம் வரட்டும்னு எனக்கும் ஆச. நீ போயி கைய தொங்க போட்டுகினு நின்ன. அவ அடிக்கிறா, நீ சிரிக்கிற. அப்பதான் துண்ட வீசுனேன். இன்னும் ஒண்ணு வுழுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்னு இப்பவும் நெனப்பேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டியா நீ? பொறாமன்னு சொன்ன. பஸ்ஸுல அத்தினி பேரு முன்னால." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "பொறாம இல்லன்னு சொல்ல மாட்டேன். இருந்துச்சு. ஆனா துண்ட வீசுனது அதுக்கு இல்ல."

"தப்பா சொல்லிட்டேன் ஹேமா."

"ம்."

"இன்னும் கோவமா?"

"பின்ன? நீ இன்னிக்கு வந்து நின்னா அத்தினி வருசமும் போயிடுமா?"

பெண்கள் பாட்டில்களை மூடி வைத்துவிட்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹேமாவதி நடக்கத் தொடங்கி, பாதியில் நின்றாள்.

"கிளாஸ் முடிக்கணும். போறதுன்னா போ. இல்லன்னா செருப்ப அவுத்துட்டு கடைசில நில்லு."

வீட்டுக்குப் போனால் ஜெபகுமாரிடம் என்ன சொல்வது என்று சத்யபிரியாவுக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றாள். பாட்டு தொடங்கியது. கைகள் எங்கோ இருந்தன.

பக்கத்தில் நின்ற கண்ணாடி போட்ட பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "புதுசா? நான் மிருதுளா. இடது கைய இன்னும் மேல வெச்சுக்கோங்க, இல்லாட்டி மேடம் திட்டுவாங்க."

"சரிங்க," என்று சத்யபிரியா இடது கையை உயர்த்திக்கொண்டாள்.