ஜெயக்கொடியின் வலது கன்னம்

ஜெயக்கொடிக்கு வாய் கோணியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கோயிலுக்குப் புறப்பட்டு நின்றபடியே காபி குடித்தாள். காபி வலது வாயோரமாக வழிந்து சேலையில் சொட்டியது. துடைத்தாள், மறுபடியும் வழிந்தது. கண்ணாடியில் போய்ப் பார்த்தால், முகத்தில் பாதி விழித்திருக்கிறது, பாதி தூங்கிக்கொண்டிருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். முகத்து நரம்பில் வீக்கம், பக்கவாதம் இல்லை, மாத்திரையும் பயிற்சியுமாக மெல்லச் சரியாகிவிடும் என்றார். சரியாகும் என்பது வேறு, எப்போது என்பது வேறு அல்லவா? மகள் டீனாவுக்கு ஈரோட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். இந்த நேரத்தில் வாய் கோணிய சேதி ஈரோட்டுக்குப் போனால், பெண்ணின் அம்மாவுக்கு வாதமாம், பரம்பரையாக இருக்குமோ என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். ஒருவர் ஆரம்பித்தால் போதும்.

அதனால் முகக்கவசம் போட்டுக்கொண்டாள். கொரோனா வந்துபோன பிறகு அதை ஏன் என்று கேட்பார் இல்லை. சம்பந்தியம்மா வீடியோவில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். பிறகு வெறும் குரலில் கூப்பிட்டு, "பல்லு வலிங்க, பேச முடியறதில்லீங்க" என்பாள்.

ஆஸ்பத்திரியில் முகத்துக்குக் கரண்ட் வைக்கிற பெண் ஹாரிகா கண்டிப்பானவள். "புருவத்தைத் தூக்கோணும், கண்ணை மூடோணும், கன்னத்தை உப்போணும், பல்லைக் காட்டோணும். எல்லாம் கண்ணாடி பாத்துத்தாங்கம்மா செய்யோணும். கண்ணு பாத்தாத்தான் மூளை பழகும்."

வீட்டிலோ கண்ணாடியே இல்லை. கணவர் ஞானாபரணம் நல்ல மனிதர். நல்லது செய்வதாக நினைத்துக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "பாத்துப் பாத்து அழுகறே ஜெயா. சரியானதுக்கப்பறம் மாட்டிக்கலாம்." ஃபோனில் பார்க்கலாம்தான். ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் கன்னம், மூடாத இமையை மூட மூன்றாவது கைக்கு எங்கே போவாள்?

ஆஸ்பத்திரியைத் தாண்டி பஸ் நிறுத்தம். அதன் பின்னால் புதுக் கட்டடம், தரையிலிருந்து நீலக் கண்ணாடி. மாடியில் 'வாடகைக்கு' என்று துணி கட்டியிருந்தது. ஆளில்லாத கட்டடம் என்று நினைத்தாள். காலை வெயில் அதன் மேல் விழுந்து சாலை, பஸ், வேப்பமரம் எல்லாம் உள்ளே இருப்பது போலத் தெரிந்தன. பக்கத்துச் சிமென்ட் சுவரிலும் அதே வெயில்தான். ஆனால் சொரசொரப்பான சுவர் வாங்கின வெளிச்சத்தைத் திசைக்கொன்றாக இறைத்துவிடும், அதில் யார் முகம் தெரியும்? வழவழவென்ற கண்ணாடி வாங்கினதை வாங்கின ஒழுங்கிலேயே திருப்பிக் கொடுத்தது.

ஜெயக்கொடி சாலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். முகக்கவசத்தை இறக்கினாள். புருவம், கண், கன்னம், பல். எதிரே நின்றவளும் செய்தாள். அதிலேயே ஒரு குழப்பம். இவளுக்குச் செத்தது வலது கன்னம். எதிரே நிற்பவளைத் தனி ஆளாக நினைத்துப் பார்த்தால் அவளுக்குச் செத்தது இடது கன்னம். யோசித்தபடியே இரண்டு தடவை நல்ல கன்னத்தைத் தேய்த்துவிட்டாள்.

அந்த வாரத்திலேயே ஆரம்பித்தது வேறு குழப்பம்.

நிறுத்தத்தை ஒட்டி அப்துல் வஹீதின் டீக்கடை. ஒரு நாள் டீ கேட்டாள். கிளாஸில் ஒரு ஸ்ட்ராவைப் போட்டு நீட்டினார். "ஆற வெச்சிருக்கறேன் அம்மணி. இதுல உறிஞ்சுங்க, வழியாது."

ஜெயக்கொடி வாயோரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முகக்கவசம் போட்டுத்தான் நின்றாள். டீ வழியும் என்று இவருக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் அவளைக் கடந்து போகையில், "வணக்கங்க்கா" என்று சொல்லி, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போனார்கள். அதற்கும் மறுநாள் பஸ் வந்துவிடவே கண் பயிற்சியை விட்டு ஓடினாள். பஸ் நகரும்போது கீழே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் அண்ணாந்து, "அக்கா, கண்ணு மூடறத உட்டுப்போட்டீங்களே!" என்று கத்தினான்.

பஸ் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சண்டை பிடித்தாள். "ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறீங்களா?" அவர் பாவம், சோற்றுத் தட்டோடு எழுந்து நின்று, "ஏசப்பா சத்தியமா இல்லை" என்றார். ஹாரிகாவிடம் கேட்டாள். அவள் சிரித்தாள். அப்புறம்தான் ஜெயக்கொடிக்கு அந்த நினைப்பு வந்தது. வந்த பிறகு போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க ஆள் வைப்பது நம் பக்கத்தில் இல்லாததா? குணம் என்ன, குடும்பம் என்ன என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். ஈரோட்டுக்காரர்களும் ஆள் வைத்திருக்கிறார்கள். பல்வலி என்ற பொய் தெரிந்துபோயிற்று. ஆனால் டீக்கடைக்காரர்கூடவா அவர்கள் ஆள்? ஸ்ட்ரா கொடுத்தா உளவு பார்ப்பார்கள்? ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. வானம் இருண்டு, பகலிலேயே பஸ்கள் விளக்குப் போட்டு ஓடின. ஜெயக்கொடி நேராக டீக்கடைக்குப் போனாள்.

"ஏனுங்க பாய், எனக்கு டீ வழியும்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"அதுங்களா? அந்தப் புள்ளைகதான்." அவர் வடிகட்டியைக் கண்ணாடிப் பக்கம் நீட்டினார். "தெனமும் பாக்குதுகல்ல."

"எங்கிருந்து பாக்கறாங்க?"

"உள்ள இருந்துதானுங்க."

ஜெயக்கொடி திரும்பினாள். கண்ணாடியில் சாலை இல்லை. வேப்பமரம் இல்லை. அவளும் இல்லை. அவள் தினமும் நிற்கிற இடத்துக்கு நேரே, விளக்கு வெளிச்சத்தில், ஒரு பெண் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் மேசைகள், கம்ப்யூட்டர்கள், அந்த 'வணக்கங்க்கா' பெண்கள், பஸ்ஸைப் பார்த்துக் கத்திய பையன். எல்லோரும் உப்பியிருந்தார்கள். முன்னால் நின்றவள் இடது கன்னத்தை விரலால் தூக்கிக் காட்டினாள். ஜெயக்கொடியின் வலதுக்கு நேர் எதிரே.

கதவைத் திறந்து அந்தப் பெண் ஓடி வந்தாள். "பயந்துட்டீங்களாக்கா? நான் ஷைமா."

"நீங்கெல்லாம் யாரு கண்ணு? ஈரோட்டுல இருந்து அனுப்பிச்சாங்களா?"

"ஈரோடா? நான் இந்த ஊருதானுங்க, கரும்புக்கடைப் பக்கம். நாங்க வீட்டு பிளான் வரையற ஆபீஸ்."

பின்னாலேயே வந்த அந்தப் பையன் அஃபான், "எங்க மேனேஜர் எங்கள டீக்கடையத் தாண்டி எங்கயும் அனுப்ப மாட்டாருங்க்கா" என்றான்.

ஜெயக்கொடிக்கு இன்னும் விளங்கவில்லை. "தெனமும் இதுல என் மூஞ்சியத்தானே பாத்தேன்?"

"வெளிய வெயில் அடிச்சா அந்த வெளிச்சம் கண்ணாடியில பட்டு உங்ககிட்டயே திரும்பி வந்துருமுங்க. உள்ள மங்கலா இருக்கற நாங்க தெரிய மாட்டோம். எங்களுக்கு நீங்க நல்லாத் தெரிவீங்க. இன்னிக்கு வெளிய இருட்டு, உள்ள லைட்டு. அப்படியே மாறிப்போச்சு" என்றாள் ஷைமா.

"அப்போ நான் பல்லக் காட்டினதெல்லாம்..."

"எங்களப் பாத்துத்தானுங்க. மொதல்ல எங்களைத் திட்டறீங்கன்னு நெனச்சோம். எங்க மாமாவுக்கும் இதே மாதிரி வந்துச்சு, அதுலதான் எனக்குப் புரிஞ்சுது. இப்ப நீங்க வந்து நின்னா எல்லாரும் சேந்து செய்யறோம். மேனேஜர்கூட."

"மேனேஜருக்குப் புருவமே வரமாட்டேங்குதுங்க்கா" என்றான் அஃபான். கண்ணாடிக்குள் ஒரு வழுக்கைத் தலைக்காரர் நெற்றியைச் சுருக்கிப் பாடாய்ப் படுவதும் தெரிந்தது.

ஜெயக்கொடிக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. வெட்கமும் அழுகையும் கலந்து வந்தது. பேச்சில் நழுவிய முகக்கவசம் தாடையில் கிடந்தது, இழுத்துவிட மறந்துபோனாள்.

"அக்கா! அப்படியே இருங்க!" ஷைமா கத்தினாள். "வலது பக்கம் அசைஞ்சுச்சு! வந்துருச்சு!"

ஜெயக்கொடி கண்ணாடியைப் பார்த்தாள். மேசை தெரிந்தது, மேனேஜர் தெரிந்தார், கைதட்டுகிற பிள்ளைகள் தெரிந்தார்கள். அவள் முகம் மட்டும் தெரியவில்லை. நிஜமாகவே வந்ததா, ஆசைக்குச் சொல்கிறதுகளா? விரலை வைத்துப் பார்த்தாள். மழையில் மரத்த விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பைக்குள் ஃபோன் அடித்தது. ஈரோடு. வீடியோ.

பழக்கத்தில் கை முகக்கவசத்துக்குத்தான் போயிற்று. தினமும் இத்தனை பேர் பார்த்த முகம் என்று தோன்றியது. காதிலிருந்து அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு எடுத்தாள். சம்பந்தியம்மா பேசுமுன் முந்திக்கொண்டாள்.

"பல்லு வலியெல்லாம் இல்லீங்க. எனக்கு வாய் கோணிப்போச்சுங்க. நரம்பு வீக்கம்னு டாக்டர் சொன்னாரு. உங்ககிட்ட மறைச்சுப்போட்டேன்."

மழையில் படம் விட்டு விட்டு வந்தது. சம்பந்தியம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்குள் நுழைந்துவிடுவது போலக் கிட்டே வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எந்தப் பக்கமுங்க?" என்றார்.