அணைச்சாவடியில் ஆறு ஓட்டு

கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு எங்கள் தொகுதி இதுவரை பன்னிரண்டு பேரை அனுப்பியிருக்கிறது. ஒருவரையும் இரண்டாம் முறை அனுப்பியதில்லை. அப்படிப்பட்ட தொகுதியின் வாக்கு வரலாற்றைப் புத்தகமாகப் போடத் தேர்தல் அலுவலகம் முடிவெடுத்து, வேலையை அச்சகக்காரரிடம் கொடுத்தது. புரூஃப் பார்ப்பவர் அவர் மனைவி.

நாற்பத்தேழாம் பக்கத்தில் சிவப்புப் பேனா நின்றது.

“ஏங்க, மெஷினை நிறுத்துங்க.”

“என்ன, தப்பா?”

“தப்பு அச்சுல இல்ல. எங்கண்ணன் ஒரே ஓட்டுல தோத்த வருஷம் இது. சாவடி வாரியாப் போட்டிருக்காங்க. அணைச்சாவடி, மொத்தம் ஆறு ஓட்டு. அண்ணனுக்கு அஞ்சு. ஜெயிச்ச அந்த வக்கீலுக்கு ஒண்ணு.”

மெஷின் நின்றது. அந்தத் தேர்தலின்போது அணைக் குடியிருப்பில் இருந்தது ஒரே குடும்பம். அணைக் காவலரான அவள் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, இவர்கள் இருவர். அந்த ஒரு ஓட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அண்ணன் ஜெயித்திருப்பார்.

“அப்பா ஊரெல்லாம் மகன் படத்தை ஒட்டினவரு. அம்மா அப்பா சொன்ன இடத்துல போட்டாங்க. அண்ணி, போட்ட சீட்டைத் தூக்கிக் காட்டி அதிகாரிகிட்ட திட்டு வாங்கினவங்க. நான் போட்டது எனக்குத் தெரியும்.”

“அதனால?”

“அதனால நீங்க.”

“அட, என்னடி இது!”

“போஸ்டர் வேலையை அண்ணன் வேற அச்சகத்துக்குக் கொடுத்துட்டாருன்னு அந்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்களே!”

“கோபந்தான். கோபத்தோடயே அவருக்குத்தான் போட்டேன்.”

“தோத்த அன்னிக்கு நான் அழுதப்போ பக்கத்துல உக்காந்து துண்டு எடுத்துக் கொடுத்தீங்க. அதுவும் நடிப்பா?”

மறைவில் போட்ட ஓட்டுக்கு அவர் சாட்சிக்கு எங்கே போவார்? மையும் கையுமாக நின்றார். மனைவி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து, இந்தத் தேர்தலிலும் நிற்கும் அண்ணனே உள்ளே வந்தார்.

“மாப்பிள்ளை, ஒரு சின்ன உதவி. வரலாற்றுப் புத்தகத்துல என் வருஷத்துக்கு மட்டும் சாவடிக் கணக்கு வேண்டாமே. இடமும் மிச்சம்.”

தங்கை வெடுக்கென்று திரும்பினாள். “யாரைக் காப்பாத்தப் பாக்கற? இவரையா?”

“இவரையா? இவர் என்ன பண்ணாரு?”

“அப்ப வக்கீலுக்குப் போட்டது யாரு?”

அண்ணன் காகிதக் கட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

“நான்தான்.”

“என்னது!”

“தனக்குத்தானே போட்டுக்கறது அசிங்கம்னு வக்கீலும் நானும் பேசிக்கிட்டோம். நான் அவனுக்கு, அவன் எனக்கு. கைகூடக் குலுக்கினோம்.”

“அவர் போட்டாரா?”

“போட்டேன்னுதான் சொல்றான்.”

“நீ நம்பறியா?”

“இருபத்திரண்டு வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்மா.”

தங்கை சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

“பக்கம் அப்படியேதான் வரும்,” என்றாள். “புத்தகம் வந்தா வீட்டுல எல்லாரும் இவர் கழுத்தைத்தான் பிடிப்பாங்க, நான் பிடிச்ச மாதிரி. அதுக்குள்ள நீயே போய் விஷயத்தைச் சொல்லிடு.”

“சொல்றேன், சொல்றேன். மாப்பிள்ளை, மனசுல வச்சுக்காதீங்க. இந்தத் தடவை வெக்கத்தை விட்டு எனக்கே போட்டுக்கறேன்.”

“தாராளமாப் போட்டுக்கங்க மச்சான்.” அச்சகக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். “என் ஓட்டைப் பத்தித்தான் நான் கொஞ்சம் யோசிக்கணும்.”